காம்பவுண்டுக்கு அந்தப் பக்கத்துத் தண்ணி

வாங்கம்மணி, உள்ள வாங்க. செருப்பெல்லாம் கழட்ட வேண்டாம், அப்படியே வாங்க. இந்த வெயில்ல ஊடு ஊடா ஏறி எறங்கறீங்களே, பாவம். ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. ஏனுங், அந்தச் சேரைக் கொஞ்சம் இக்கட்ட தள்ளிப் போடுங்க. அவரு எங்கூட்டுக்காரரு. அவருகிட்ட ஒண்ணுங் கேக்க வேண்டாம், கேட்டாலும் "எல்லாஞ் சரிதான்"ம்பாரு. என்னையக் கேளுங்க. துளசிமணின்னு போட்டுக்குங்க.

தண்ணி குடிக்கறீங்களா? கேன் தண்ணிதானுங்க. இதைச் சொல்றதுக்கே எனக்கு நாக்கு கூசுது. சிறுவாணித் தண்ணியில வளந்தவ நானு. கட்டிக்குடுத்து இந்தப் பூவரசம்பாளையத்துக்கு வந்தப்ப, இங்க சிறுவாணி இல்லையேன்னு ஒரு பாட்டம் அழுதேன். அப்புறம் இந்த ஊட்டு போர்த் தண்ணியக் குடிச்சுப் பாத்தேன். அப்படியே இளநியாட்டம் இருந்துச்சு. அந்தத் தண்ணியில ஆட்டின மாவுக்குத்தான் ஊரே அலைஞ்சுது. பஞ்சு மாதிரி இட்லி வருமுங்க. இப்பச் சொன்னா ஆரு நம்பப் போறாங்க?

சரி, கேளுங்க உங்க கேள்வியை. சிட்டி வளர வளர எதை முதல்ல கவனிக்கறது, எதைக் காப்பாத்தறதுன்னு திட்டம் போடறாங்களாக்கும். அதுக்கு நாங்க வரிசைப்படுத்திச் சொல்லோணும். குளமா, ரோடா, சாக்கடையா, மரமா, குடிதண்ணிக் குழாயா. அவ்வளவுதானே?

எனக்கு வரிசை ரொம்பச் சுலபமுங்க. பக்கத்து ஊட்டு வெள்ளிங்கிரி எது வேணும்னு சொல்வானோ, அதைக் கடைசியில போடுங்க. அவன் எது வேண்டாம்னு சொல்வானோ, அதை முதல்ல போடுங்க. மிச்சத்தை நீங்களே பாத்து நெரப்பிக்குங்க.

சிரிக்காதீங்கம்மணி. நான் வெளையாட்டுக்குச் சொல்லலை.

ஆரு அவன்னு கேக்கறீங்க. நலச்சங்கத் தலைவரு. இந்தத் தெருவுக்கு லைட்டுக் கம்பம் வந்தது தன்னாலதாம்பான், ஐப்பசி மழை வந்ததும் தன்னாலதாம்பான். அது போக எனக்குச் சம்பந்தி. ஆமாங், சம்பந்தியேதான். என்ற ஒரே புள்ள வான்மதியை அவன் பையனுக்குத்தான் கட்டிக்குடுத்திருக்கறேன். ஓசூர்ல இருந்து, மெட்ராஸ்ல இருந்தெல்லாம் எடம் வந்துச்சு. ஒண்ணுக்குந் தலையாட்டலை. பக்கத்து ஊடு, கூப்பிட்டாக் கேக்கற தூரம், நெனச்சப்ப புள்ள மொகத்தைப் பாத்துக்கலாம்னுதான் குடுத்தேன். மாப்பிள்ளை தங்கமானவரு. அவருமேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அப்பன்தான் ஆகாத ஆளு.

என்ன பண்ணினான்னு கேளுங்க. எங்க ஊரை சிட்டியோட சேத்த புதுசு. பள்ளிக்கூடத்துல கூட்டம் போட்டு, இருக்கற நிதிக்கு ஒரு வேலைதான் எடுக்க முடியும், எதை எடுக்கறதுன்னு ஊர்க்காரங்களே சொல்லுங்கன்னாங்க. குளத்தைத் தூர் வாரறதா, இல்லை குளத்தங்கரை ரோட்டை அகலப்படுத்தறதா. நான் எந்திரிச்சேன். பொம்பளைகள்ள எந்திரிச்சது நான் ஒருத்திதான். இருந்தாலும் சொல்லிப்போட்டேன். குளத்துல தண்ணி நின்னாத்தான் நம்ம போர்ல தண்ணி நிக்கும், முதல்ல அதுல சாக்கடை விடறதை நிறுத்துங்க, ரோட்டை அப்புறம் போட்டுக்கலாம்னேன். நல்லாத்தானே சொன்னேன்? நீங்களே இப்பத் தலையாட்டறீங்க பாருங்க.

அப்ப வெள்ளிங்கிரி மைக்கை வாங்கறான். வாங்கிட்டு, "சம்பந்தியம்மா போயி மாவு பொங்கிருச்சான்னு பாக்கட்டும், ஊரு வளர்ச்சியை நாங்க பாத்துக்கறோம்"ங்கறான்.

பள்ளிக்கூடமே சிரிச்சுதுங்க. என்ற மாவுல இட்லி சுட்டுத் தின்ன வாயெல்லாஞ் சிரிச்சுது. இதோ உக்காந்திருக்கறாரே, இவருஞ் சிரிச்சாரு. ஏனுங், சிரிச்சீங்களா இல்லையா? கேட்டா, எல்லாருஞ் சிரிக்கறப்ப தன்னையறியாம வந்துருச்சாமா. அந்தச் சிரிப்பு வந்துச்சே, அதுக்கு நான் மூணு நாளு இவருக்குச் சோறு போடலை.

இவரு வேலை பாத்த மில்லை மூடினதுக்கப்புறம் இந்தக் குடும்பத்தை மாவாட்டித்தானுங்க தூக்கி நிறுத்தினேன். புள்ளைய என்ஜினீயருக்குப் படிக்க வெச்சது மாவு. அவனோட பையனுக்குச் சீர் செஞ்சது மாவு. அந்த மாவைச் சொல்லித்தான் சபையில சிரிக்க வெச்சான். வேற எவன் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பேன். பொண்ணைக் குடுத்த எடத்துல இருந்து வந்த பேச்சு, அது நெஞ்சுக்குள்ள போயி உக்காந்துக்குச்சு. அன்னைக்கு ஊட்டுக்கு வந்து சாமி ரூம்புல நின்னேன். ஆத்தா, இவனை இதே ஊருல வாயடைக்க வெக்கறேன், அது வரைக்கும் இவன் ஊட்டுல கை நனைக்க மாட்டேன்னு சொன்னேன். இன்னைக்கு வரைக்கும் நனைக்கலை. என்ற புள்ள காப்பி வெச்சுக் கூப்பிட்டப்பக்கூட வாசல்லயே நின்னுட்டு வந்துட்டேன்.

ரோடுதான் ஜெயிச்சுது. குளத்தங்கரையைப் பாதி வெட்டி ரோட்டுல சேத்தாங்க. ரோடு வந்ததும் இங்கெல்லாம் வாடகைக்கு ஆள் வர ஆரம்பிச்சுது. அவன் ஊட்டு மேல மாடி, மாடி மேல மாடின்னு கட்டினான். இத்தனை பேருக்குத் தண்ணி? அவனோட பழைய போரு சின்னது, அது பத்தலை. புதுசாப் போடோணும்னு எடம் பாக்க ஆரம்பிச்சான். அப்பத்தானுங்க ஆத்தா எனக்கு வழி காட்டினா.

நம்மூர்ல நீரோட்டம் பாக்காம ஆரும் போர் போட மாட்டாங்க. உங்களுக்குத் தெரியுமோ என்னமோ, உரிச்ச தேங்காயை உள்ளங்கையில படுக்க வெச்சுட்டு நடப்பாங்க. எந்த எடத்துல தேங்கா தானா எந்திரிச்சு நிக்குதோ, அங்க தண்ணி. வெள்ளிங்கிரி ஆரை வரச் சொல்லியிருந்தான் தெரியுமா? காளியண்ணனை. காளியண்ணன் ஆரு? எனக்குச் சித்தப்பன் மகன், தம்பி முறை.

வந்தவன் அக்கா ஊட்டுல ஒரு வாய் தின்னுட்டுப் போலாம்னு முதல்ல இங்க வந்தான். இட்லியும் கறிக்கொழம்பும் வெச்சேன். வெச்சுட்டு, "தம்பி, நாளைக்குத் தேங்கா எங்க நிக்கோணுந் தெரியுமா, எங்க காம்பவுண்டை ஒட்டின மூலையில நிக்கோணும்"னேன். அந்த மூலை எனக்கு நல்லாத் தெரியும். காம்பவுண்டுக்கு அஸ்திவாரம் தோண்டினப்ப கடப்பாறை மொனை மழுங்கிப் போச்சு. அடியில ஒட்டுக்காப் பாறை. அங்க போட்டான்னா தண்ணிக்குப் பதிலாப் பாறைத்தூள் பொகைதான் வரும், பொகையில அவன் மானம் போகும், ஊரே கூடி நின்னு சிரிக்கும். பள்ளிக்கூடத்துல சிரிச்சாங்களே, அதே மாதிரி.

காளியண்ணன் மொதல்ல ஒத்துக்கலை. "அக்கா, தொழில்ல பொய் சொன்னா அப்புறம் எனக்குத் தேங்கா நிக்காது"ன்னான். நான் விடுவனா? "நீ பாத்துக் குடுத்த எத்தனை எடத்துல பொகை வந்துச்சுன்னு ஊருக்கே தெரியும், இன்னொண்ணுல வந்தா என்ன கொறைஞ்சு போயிருவ"ன்னு கேட்டேன். பாவம், கையில எடுத்த இட்லியை அப்படியே வெச்சுட்டான். "மானத்தை வாங்காதக்கா, சொல்றேன்"ன்னுட்டான். இன்னும் ரெண்டு இட்லி வெச்சேன்.

மக்கா நாளு காலையில நான் மொட்டை மாடியில வடாம் காயப் போடற மாதிரி நின்னு பாத்துட்டே இருந்தேன். காளியண்ணன் நடக்கறான், பின்னாலயே வெள்ளிங்கிரி பயபக்தியா நடக்கறான். அந்தாளு மாமரத்துக்கிட்ட போனப்ப தேங்கா லேசா எந்திரிச்சுது. என்ற கண்ணாலயே பாத்தேன். காளியண்ணன் கட்டை விரல்ல அதை அமுக்கிட்டு அப்படியே நடந்து வந்து, எங்க காம்பவுண்டு மூலையில நட்டமா நிறுத்திட்டான். வெள்ளிங்கிரிக்கு மொகமெல்லாஞ் சிரிப்பு. ஈசானி மூலை வேற, வாஸ்துவும் சரியா இருக்குன்னு அந்த எடத்துலயே கற்பூரம் பத்த வெச்சுக் கும்பிட்டான். எனக்கு வயிறு குளுந்து போச்சு.

போர் வண்டி வந்துச்சு. காது கிழியற சத்தம். வெள்ளை வெளேர்னு பொகை. என்ற ஊடு, அவன் ஊடு, தெருவுல நிக்கற காருன்னு எல்லாத்து மேலயும் மாவு தூவின மாதிரி ஆயிருச்சு. மத்தியானம் ஆச்சு, பொகை. சாயந்தரம் ஆகப் போவுது, அப்பவும் பொகை. வண்டிக்காரங்களே, "இதுக்கு மேல வேண்டாமுங்க, வேற எடம் பாருங்க"ன்னுட்டாங்க. தெருவுல கூட்டம் கூடிருச்சு. ரெண்டு பேரு கமுக்கமாச் சிரிக்கக்கூட ஆரம்பிச்சுட்டாங்க. நான் உள்ள போயி கேசரி கெளறினேன். முந்திரி போட்டு, நெய் ஊத்தி. இவரு வந்து என்ன விசேசம்னு கேட்டாரு. விசேசந்தான், தின்னுங்கன்னேன்.

ஆனா அவனுக்கு வீம்பு புடிச்சுப் போச்சு. "காளியண்ணன் சொன்னாத் தப்பாது, போடு"ங்கறான். ஆயிரம் அடியத் தாண்டியும் போடுங்கறான். கேசரிச் சட்டியை எறக்கி வெக்கறேன், சத்தம் மாறிருச்சு. ஓடிப் போயிப் பாக்கறேன், தண்ணி! வண்டி ஒசரத்துக்கு எந்திரிச்சு அடிக்குது. காம்பவுண்டு தாண்டி வந்து என்ற கொடியில காஞ்ச துணியெல்லாம் நனைஞ்சு போச்சு. ஊரே கை தட்டுது. வெள்ளிங்கிரி நனைஞ்சுட்டே நின்னு காளியண்ணன் தோள்ல துண்டைப் போத்தறான். அந்தக் காளியண்ணன் மொகத்தைப் பாக்கோணுமே, பேயறைஞ்ச மாதிரி நின்னான். தேங்கா தனக்கு நிக்காதுன்னு சொன்னவன், பாவம், பொய் சொல்லியும் தண்ணி வந்துருச்சு அவனுக்கு.

அன்னைக்கே வான்மதி ஒரு கொடத்துல அந்தத் தண்ணியக் கொண்டாந்தா. மேல வெத்தலை பாக்கு வெச்சிருந்துச்சு. "மாமா குடுத்துவிட்டாங்கம்மா, மொதக் கொடம் சம்பந்தி ஊட்டுக்குத்தான்னு சொன்னாங்க"ன்னா. மொகமெல்லாம் அவ்வளவு சந்தோசம் புள்ளைக்கு. நான் வாங்கி வெச்சுக்கிட்டேன். அவ போனதும் கருவேப்பிலைச் செடிக்கு ஊத்திட்டேன். ஒரு வாய் குடிச்சுப் பாத்தேன், ஊத்தறதுக்கு முன்னால. இளநியாட்டம் இருந்துச்சு. அப்பவே எனக்குச் சந்தேகந்தான்.

சந்தேகம் சரியாப் போச்சு. ஆடி பொறக்கறதுக்குள்ள என்ற போர்ல மோட்டாரைப் போட்டா வெறுங் காத்துதான் வருது. கொர்ருங்குது, நின்னுருது. மோட்டாரைக் கீழ எறக்கிப் பாத்தோம், ஒண்ணும் நடக்கலை. திருட்டுப் பய, என்ற தண்ணிய ஒட்டுக்கா உறிஞ்சிட்டான். இத்தனை வருசமா என்ற ஊட்டுக்கு அடியில இருந்த தண்ணி!

என்ன சொல்றீங்க? அந்த எடத்தைக் காட்டச் சொன்னது நான்தானேன்னா? நல்லாக் கேக்கறீங்கம்மணி. நான் எடத்தைத்தான் காட்டச் சொன்னேன், தண்ணிய எடுக்கச் சொன்னனா? பாறையப் பாத்தவன் நிறுத்தியிருக்கோணுமா இல்லையா? மனுசனாப் பொறந்தவன் ஆராச்சும் அத்தனை ஆழம் போவானா? இவரு பாருங்க, இப்பவும் வாயை மூடிச் சிரிக்கறாரு. சிரிங்க, சிரிங்க. சிரிக்கறதுக்குத்தானே மில்லை மூடினாங்க.

அதுக்கப்புறம் அவன் பண்ணினதுதான் எனக்குத் தாங்கலை. காலையில எந்திரிச்சுக் கொல்லைக்குப் போறேன், காம்பவுண்டு மேல ஒரு ஓஸ் பைப்பு தொங்குது. அக்கட்ட இருந்து குரல் வருது, "சம்பந்தியம்மா, புடிச்சுக்குங்க, உங்களுக்கு வேணுங்கற மட்டும் விடறேன்"னு. என்ற தண்ணிய எனக்கே பிச்சை போடறான்! பைப்பைச் சுருட்டி அந்தப் பக்கமே வீசினேன். அவன் மேலதான் விழுந்துச்சுன்னு சொன்னாங்க. விழட்டும்.

வான்மதி வந்து மல்லுக்கு நின்னா. "அம்மா, அவங்க குடுக்கறது தண்ணிதானே, வெசமா?"ன்னா. வெசமா இருந்தாக் குடிச்சிருப்பேன்டின்னு சொன்னேன். அழுதுட்டே போனா. நான் லாரித் தண்ணி வாங்கி மாவாட்டினேன். உப்புத் தண்ணி. மாவு பொங்கவே இல்லை, இட்லி கல்லாட்டம் வந்துச்சு. எங்கிட்ட மாவு வாங்கின மெஸ்ஸுக்காரங்க ஒவ்வொருத்தரா நிறுத்திட்டாங்க. மூணு கிரைண்டர் ஓடின எடத்துல இப்ப ஒண்ணு ஓடுது, அதுவும் பாதி நாளு சும்மா கெடக்குது.

நான் சும்மா கெடப்பனா? பொறுத்திருந்தேன். அவனுக்கு ஆசை விடலை. ஊட்டுக்கு வேணுங்கறது போக, மிச்சத் தண்ணிய கட்டட வேலைக்கு லாரியில ஏத்த ஆரம்பிச்சான். நான் மாடியில நின்னு செல்போன்ல ஒவ்வொரு லாரியா வீடியோ புடிச்சேன். வீடியோ எடுக்கறது எப்படின்னு எனக்குச் சொல்லிக் குடுத்தவளே வான்மதிதான். தெருப் பொம்பளைகளைக் கூட்டினேன். இப்படியே விட்டா எல்லாரு போரும் என்ற போரு மாதிரி காத்து வாங்கும்னு சொன்னேன். எல்லாரும் பயந்து போயி கூடவே வந்தாங்க. தாலுக்கா ஆப்பீசுல போயி உக்காந்தோம். அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினேன். நெலத்தடித் தண்ணிய இப்படி உறிஞ்சினா இந்த சிட்டி என்னாகறதுன்னு கேட்டேன். அங்கிருந்த ஆப்பீசரம்மா எந்திரிச்சு எனக்குக் கை குடுத்தாங்க. "உங்கள மாதிரி அக்கறை இருக்கறவங்க தெருவுக்கு ஒருத்தர் வேணும்"னாங்க. அந்தம்மாவுக்கு என்ன தெரியும்!

ஜீப்புல வந்து அவன் போருக்குச் சீல் வெச்சாங்க, அவனோட பழைய போருந்தான் என்ற போரோட சேந்து முன்னமே வத்திப் போச்சே. வெச்சப்ப நானும் வாசல்ல நின்னேன். அவன் அவங்ககிட்ட என்னென்னமோ பேசிப் பாக்கறான். நடக்கலை. அப்புறம் திரும்பி என்னையப் பாத்தான். ஒரு பேச்சு வரலைங்க அவன் வாயில இருந்து. மைக்கைப் புடிச்சுப் பேசினானே, அந்த வாயி! நான் தலையை நிமுத்தி நல்லாப் பாத்தேன். எத்தனை சொகம் தெரியுங்களா? அன்னைக்கு ராத்திரிதான் அந்தக் கூட்டத்துக்கு அப்புறம் நான் நல்லாத் தூங்கினது. தெரு முழுக்க கேசரி குடுத்தேன். அவன் ஊட்டுக்கு மட்டும் குடுக்கலை.

என்ற போர்ல தண்ணி திரும்ப வந்துச்சான்னு கேக்கறீங்களா? அது வரலை. போனது போனதுதான். அதனால என்னங்க? எனக்கில்லாட்டி என்ன, அவனுக்கும் இல்லையே. அது ஒரு நிம்மதிதானே.

குடியிருந்தவங்களெல்லாம் ஒவ்வொருத்தராக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. மாடி மாடியாக் கட்டினானே, இப்பப் பாருங்க, சன்னல்ல ஒரு துணி காயலை. தண்ணி லாரி வாரத்துக்கு ஒருக்கா வரும். வான்மதி கொடத்தைத் தூக்கிட்டு வெயில்ல நிக்கறதை மாடியில இருந்து பாத்தேன். என்ஜினீயருக்குப் படிச்ச புள்ள. பெத்த வயிறு பத்தி எரிஞ்சுது. அவன் மேலதான் எரிஞ்சுது. மருமகளைத் தெருவுல கொடத்தோட நிறுத்தறானே, அவனெல்லாம் ஒரு பெரிய மனுசனா?

"நீ இங்க வந்துருடி, அவங்க கெடக்கறாங்க"ன்னு கூப்பிட்டேன். "இங்க மட்டும் தண்ணி இருக்குதா?"ன்னா. நின்னு பேசக்கூட இல்லை. அப்புறம் வரவே இல்லை. தீவாளிக்கு மாப்பிள்ளையும் அவளும் வருவாங்கன்னு முறுக்குச் சுட்டு வெச்சிருந்தேன். அதுக்கும் வரலை. அவன்தான் தடுத்திருப்பான், வேற ஆரு?

சரி, நம்ம வேலைக்கு வருவோம். முதல்ல குளம். அதை நல்லாப் பெருசாப் போட்டுக்குங்க. பழைய அளவுக்குக் குளத்தை எடுத்துட்டாங்கன்னா ரோடு சுருங்கிப் போயிரும். ரோடு சுருங்கினா, அந்த ரோட்டுல அவன் கடை கட்டி வாடகைக்கு விட்டிருக்கறானே, அது இடிபடும். குளம் நல்லதுதானுங்களே ஊருக்கு? நான் அன்னைக்கே சொன்னதுதானே? அடுத்தது மரம் போட்டுக்குங்க, சாக்கடை போட்டுக்குங்க, ரோடு கடைசி.

குடிதண்ணிக் குழாயா? அது வரிசையிலயே வேண்டாம்.

ஆமாங், வேண்டாம்னுதான் சொல்றேன். எங்க தெருவுக்குக் குழாயே வேண்டாம். புரியலையா? பெரிய குழாய் மேக்கால இருந்துதானே வரும்? அப்படி வந்தா அவன் ஊட்டு வாசலைத் தாண்டித்தான் இங்க வரோணும். முதல்ல அவன் புடிப்பான், அப்புறந்தான் எனக்கு. சீல் வெச்சு மூடினவனுக்கு நானே கையெழுத்துப் போட்டுத் தண்ணி தொறந்து விடறதா? தெருவுல பாதி ஊட்டுக்காரங்க வேணும்னாத்தான் குழாய் வரும்னு போன தடவை வந்த பையன் சொன்னான். நான் எல்லாருகிட்டயும் பேசி வெச்சிருக்கறேன். சீல் வெக்க வெச்சதுக்கப்புறம் இந்தத் தெருவுல என்ற பேச்சுக்கு ஒரு மரியாதை இருக்குதுங்க. குழாய் வந்தா ரோட்டைத் தோண்டிப் போட்டுருவாங்க, வரி ஏத்துவாங்க, முதல்ல குளம் வரட்டும்னு சொல்லியிருக்கறேன். எல்லாரும் வேண்டாம்னுதான் சொல்வாங்க, நீங்க வேணாப் பாருங்க.

எனக்கும் தண்ணி வராதுன்னு தெரியாமலா சொல்றேன்? நல்லாத் தெரியும். கேன் தண்ணி குடிச்சுட்டே செத்துப் போறேன். அவன் குளிக்கற சத்தம் காம்பவுண்டு தாண்டி எனக்குக் கேக்கக் கூடாது. அவ்வளவுதான்.

போட்டாச்சா? உங்க டேப்லெட்டுத் திரையை இப்படித் திருப்புங்க, பாக்கறேன். ம், சரி.

ஆமா, மேக்கால இருந்து ஊடு ஊடாத்தானே வர்றீங்க? அப்ப அவன் ஊட்டுக்குப் போயிட்டுத்தான் இங்க வந்திருக்கறீங்க. என்ன சொன்னான்? குழாய்தான் முதல்ல வேணும்னு குதிச்சிருப்பானே.

ஒண்ணுமே சொல்லலையா? ஏன்?

இங்க இருக்கப் போறதில்லையா?

ஊட்டை விக்கறாங்களா! ஏனுங், கேட்டீங்களா? ஓடறான்! வெள்ளிங்கிரி ஊரை உட்டே ஓடறான்! ஆத்தா, கண்ணைத் தொறந்துட்ட தாயே. ஊருக்கே வளர்ச்சி கொண்டாந்தவனுக்கு ஊருல இருக்க எடமில்லை. எத்தனை வாயி சிரிச்சுது அன்னைக்கு, இப்பச் சிரிங்கடா. இருங்கம்மணி, வெறும் வாயோட போகக் கூடாது, ஒரு வாய் இனிப்புத் தாரேன். இத்தனை நல்ல சேதியை இத்தனை நேரம் எதுக்கு வாயில வெச்சுட்டு உக்காந்திருந்தீங்க?

எப்பப் போறாங்களாம்? தையிலயா? வழி பொறந்துருச்சு போங்க.

எல்லாருமாங்க?

இல்லை, பெருசுக ரெண்டும் போறாங்களா, இல்லை ஒட்டுக்கா எல்லாருமா? உங்ககிட்ட ஆரு சொன்னது? ஒல்லியா, கண்ணாடி போட்டிருந்தாளா? அவளேதான் சொன்னாளா? மாப்பிள்ளை வேலையை மாத்திக்கிட்டாராமா? தண்ணியில்லாத ஊட்டுல இனி இருக்க முடியாதுன்னாளா? அப்படியா சொன்னா. வேற ஒண்ணுஞ் சொல்லலையா, அம்மா ஊடு பக்கத்துலதான் இருக்குதுன்னு கூடச் சொல்லலையா உங்ககிட்ட?

ஏனுங். உங்களுக்குத் தெரியுமா?

பேசுங்களேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டா என்ன அர்த்தம்? தெரியுமா? எப்ப இருந்து தெரியும்? அவளாச் சொன்னாளா உங்ககிட்ட? எங்கிட்டச் சொல்ல வேண்டாம்னு சொன்னாளா?

பாத்தீங்களாம்மணி அவன் வேலையை? தண்ணியத்தான் எடுத்தான்னு நெனச்சேன். இப்ப என்ற புள்ளையவும் எடுத்துட்டுப் போறான். படுபாவி. நான் பக்கத்துலயே இருக்கோணும்னு குடுத்த புள்ளைங்க அது. விடமாட்டேன். இவனை விடவே மாட்டேன்.

எந்த ஊருன்னு சொன்னா?

பெங்களூரா. அது எத்தனை தூரமுங்க? பஸ்ல போனா ஒரு பகல் ஆயிருமா? அங்க தண்ணி நல்லா வருங்களா? உங்கள மாதிரி படிச்சவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. கொடம் தூக்கற வேலை இருக்காதில்லை அங்க? அவனுக்காகக் கேக்கலீங்க.

இருங்க, இருங்க, அதை மூடாதீங்க. குழாய்க்கு என்ன போட்டீங்க? வேண்டாம்னா? அதை அழிச்சுட்டு வேணும்னு போட்டா, தைக்குள்ள தண்ணி வந்துருங்களா? தெருவுல எல்லாருகிட்டயும் நானே போயிச் சொல்றேன். இன்னைக்கே போறேன். வரி கட்டறேன், ரோட்டைத் தோண்டிக்கட்டும். அவன் ஊட்டுக்கே முதல்ல குடுக்கட்டும், போகுது. தைக்குள்ள மட்டும் வந்துருமான்னு சொல்லுங்க.

வராதா?

வருசக்கணக்கா ஆகுமா.

அப்ப வேண்டாம்னே இருக்கட்டுமுங்க. அவ இல்லாத தெருவுக்கு எதுக்குத் தண்ணி?